அட்டைத் தேதிதான் கணக்கு

மார்ச் 4, திங்கள்

காலை லாரியில் பன்னிரண்டு பெட்டி கண்ணாடி இறங்கியது. ஒரு பெட்டியின் மூலை நசுங்கி, உள்ளே மூன்று தகடு விரிசல். ஓட்டுநர், "ரோட்டுல பள்ளம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். "பள்ளத்தைப் பார்த்து இறக்குனீங்களா, பார்க்காம இறக்குனீங்களா?" என்று கேட்டேன். எந்தப் பதில் சொன்னாலும் மாட்டுவோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ரசீதின் பின்னால் விரிசலை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதுவரை நல்ல நாள்.

மதியம் யூனியனிலிருந்து பணிமூப்புப் பட்டியல் வந்தது. மே மாதம் எங்கள் கண்ணாடிக் கடைத் தெரு மொத்தமும் ஊருக்கு வெளியே புது வளாகத்துக்குப் போகிறது. அங்கே தூக்க கிரேன், தள்ள டிராலி எல்லாம் உண்டு. ஆள் குறைவாகப் போதும். எங்கள் கடையில் இப்போது பதினான்கு பேர். கடையின் வரவுசெலவைப் பார்க்கும் என் மாப்பிள்ளை கணக்குப் போட்டு, ஒன்பது பேர் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். பட்டியலில் முதல் ஒன்பது பேருக்கு வளாகத்தின் நுழைவுச் சீட்டு. மீதி ஐந்து பேர் மூப்புக்கு ஏற்ற நஷ்டஈடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு.

பட்டியலில் பதினான்காவது ஆள் மெஷினக்கா.

இரண்டு முறை படித்தேன். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பதினேழு வருடமாக வெட்டின கண்ணாடியின் ஓரத்தை மெஷினில் பிடித்து, கை வைத்தால் அறுக்காதபடி மழமழவென்று ஆக்கித் தருகிறவள். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பாள். சாயங்காலம் பார்த்தால் முழங்கை வரை வெள்ளைச் சேறு. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை மெஷினக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு மேலே, பதின்மூன்றாவது இடத்தில் இருப்பவர் போன வருடம் வந்த லோடர். கண்ணாடியை நிறுத்தித்தான் தூக்க வேண்டும்; அவர் இன்னும் படுக்கவைத்துத் தூக்கப் பார்க்கிறார்.

மார்ச் 5, செவ்வாய்

பட்டியலில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது ஷரத்து: "பணிமூப்பு, யூனியன் உறுப்பினர் அட்டையில் உள்ள தேதியிலிருந்து இடைவெளியின்றிக் கணக்கிடப்படும். அட்டை இல்லாதவர், அட்டை உள்ள கடைசி நபருக்குப் பின் வைக்கப்படுவார்."

யார் எழுதியது? நான்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், நாற்பது நாள் வேலைநிறுத்தம் முடிந்தபோது போட்ட ஒப்பந்தம் இது. வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் பேசப் போன ஐந்து பேரில் நான் ஒருத்தி. அந்தக் காலத்தில் எவர் வந்தாலும் "நான் பத்து வருஷமா இருக்கேன்" என்பார், பின்னாலேயே மூன்று சாட்சியும் வரும். அட்டையில் மாதாமாதம் முத்திரை விழுகிறது, அதில் பொய் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது. மேஜையைத் தட்டி, "அட்டைத் தேதிதான் கணக்கு" என்றேன். சங்கத்துக்காரர்கள் கைதட்டினார்கள். யூனியன்காரர்களும் தலையாட்டினார்கள் — அட்டையைப் பெரிதாக்கினால் அவர்களுக்கென்ன கசக்குமா?

அவளிடம் அட்டை இல்லை. அந்த வேலைநிறுத்தத்தின்போது விட்டுவிட்டாள்.

'விட்டுவிட்டாள்' என்று எழுத எவ்வளவு வசதியாக இருக்கிறது. நான் விடவைத்தேன். அதை இன்று எழுத மனம் வரவில்லை.

கூட ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், பத்தாவது சீட்டு பத்தாவது ஆளுக்குத்தான் போகும். பட்டியலைத் தாண்டி நடுவிலிருந்து ஒருத்தரைப் பொறுக்கி எடுக்கக் கூடாது. அதுவும் ஷரத்து. அவள் வரை எட்ட வேண்டுமானால் பதினான்கு பேரையும் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்தால் வருடக் கடைசியில் பதினைந்தாவது ஆளாக நானும் வீட்டுக்குப் போகலாம்.

மார்ச் 7, வியாழன்

வியாபாரிகள் சங்கக் கூட்டம். தலைவரிடம் தனியாகச் சொன்னேன். பதினேழு வருடம் வேலை பார்த்தவளுக்கு ஒரு விதிவிலக்கு, ஒரே ஒரு தீர்மானம் போதும் என்று. அவர் தனியாகக் கேட்டதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னார்.

"ஷரத்தை எழுதுன கையே இப்ப அழிக்க ரப்பர் கேக்குது, பார்த்துக்குங்க!"

ஒரே சிரிப்பு.

"ஒரு கடைக்கு விதிவிலக்கு கொடுத்தா நாளைக்கு எல்லாக் கடையிலயும் கேப்பாங்கம்மா. அட்டை இல்லாத ஆள் இந்தத் தெருவுல முப்பது பேர் இருக்காங்க. ஒரு பைசா இல்லாம அனுப்ப வழி இருக்கு. அதைப் போய் நீங்களே அடைக்கப் பார்க்கறீங்களே?"

அப்போதுதான் உறைத்தது. முப்பது பேர். நான் பொய்ச் சாட்சிக்காரர்களைத் தடுக்க வைத்த கதவு இது. இப்போது இவர்கள் அதே கதவு வழியாக ஆட்களை வெளியே தள்ளுகிறார்கள்.

"நஷ்டஈடு?" என்றேன்.

"மூப்பே இல்லாதவங்களுக்கு என்னம்மா நஷ்டஈடு?"

எழுந்து வந்துவிட்டேன். காபியைத் தொடவில்லை.

மார்ச் 8, வெள்ளி

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மெஷின் பக்கமே போகவில்லை. என் கடைக்குள் நானே சுற்றுவழியில் நடக்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

சொல்லிவிட்டேன். சொல்லப் போனேன் என்பதுதான் சரி.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் சொட்டி முடியும்வரை காத்திருந்து, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பட்டியல் விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் முதலாளியம்மா. வந்த அன்னைக்கே வெட்டுற மேஜை மேல வச்சு எல்லாரும் படிச்சாங்க."

"அப்ப ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"நீங்க எப்பச் சொல்றீங்கன்னு பார்த்துட்டிருந்தேன். ஒரு வாரம் ஆச்சு."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், சமாளித்திருப்பேன்.

வாய் சும்மா இருக்கவில்லை. "உன்னை விட்டுடுவேனா? எங்க வீட்டுக்கு வந்துடு, கூடமாட ஏதாவது பார்த்துக்க" என்றேன்.

"உங்க வீட்ல மெஷின் இருக்கா?"

"இல்ல."

"அப்ப அங்க நான் எதைத் தேய்க்கிறது? பாத்திரத்தையா?"

பக்கத்தில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்க இருமினார். அவள் மெஷினைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது.

அவள் மகள் நர்ஸிங் இரண்டாம் வருடம். அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மார்ச் 12, செவ்வாய்

வக்கீலைப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த தேதிதான் கணக்கு என்று வழக்குப் போடலாம், ஆனால் ஆறேழு வருடம் ஆகும் என்றார். பிறகு, அந்த வேலைநிறுத்தத்தின்போது நான் அவளுக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தையே என்னிடம் நீட்டினார்.

"இதுல 'மேற்பார்வையாளர்'னு பதவி கொடுத்திருக்கீங்களேம்மா. மேற்பார்வையாளர்னா தொழிலாளி இல்லைன்னு எதிர்த்தரப்பு சொல்லும். தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு இவங்களுக்குக் கிடைக்காது."

"எதிர்த்தரப்பு யாரு?"

"நீங்கதான்."

மேற்பார்வையாளர்! யாரை மேற்பார்த்தாள்? அன்றும் மெஷின், இன்றும் மெஷின். கூலி அதே நாள் கூலி. வருகைப் பதிவேட்டில் கைநாட்டுக்குப் பதில் கையெழுத்து, மெஷின் கொட்டகைச் சாவி — வித்தியாசம் அவ்வளவுதான். யூனியனுக்கு அவள் முதலாளி ஆள். சட்டத்துக்கு அவள் அதிகாரி. எனக்கு அவள் மெஷின்காரி. மூன்று பேருமாகச் சேர்ந்து அவளை எங்கேயும் நிற்கவிடவில்லை.

மார்ச் 14, வியாழன்

மாப்பிள்ளையோடு சண்டை. சாப்பாட்டு மேஜையில், மகள் எதிரிலேயே.

"அத்தை, இதுல உணர்ச்சிவசப்பட ஒண்ணுமில்ல. நாம யாரையும் அனுப்பல. பட்டியல் அனுப்புது."

"பட்டியலுக்குக் கை இருக்கா, கழுத்தைப் பிடிச்சுத் தள்ள?"

"அவங்களுக்குப் பிரியப்பட்டு ஏதாவது கொடுத்து அனுப்புங்க. யார் வேண்டாம்னா?"

"பிரியப்பட்டுக் கொடுத்தா அது உரிமையா, பிச்சையா?"

மகள் குழம்பை அவர் பக்கம் தள்ளி, "ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க. சோறு எந்தப் பட்டியல்லயும் இல்ல, அது ஆறிடும்" என்றாள். என் மகள்தான்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. கணக்குத் தெரிந்தவர். நானும் அப்படித்தானே இருந்தேன்? தள்ளுவண்டியில் உடைந்த கண்ணாடியை வட்டமாக வெட்டி முகம் பார்க்க விற்று மேலே வந்தவள். எனக்கு எவரும் தயவு காட்டவில்லை, நானும் யாருக்கும் காட்டவில்லை. இதில் பெருமை உண்டு. ஆனால் இது தயவு காட்டுகிற விஷயமே இல்லை. நான் எடுத்ததைத் திருப்பி வைக்கிற விஷயம். இதை அந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது?

மார்ச் 18, திங்கள்

இருபத்தெட்டு வருட வியாபாரத்தில் முதல் முறையாக யூனியன் ஆபீஸ் படி ஏறினேன்.

டயர் கடைக்கு மேலே ஒரே அறை. படி அவ்வளவு குறுகல், எதிரே ஒருவர் இறங்கினால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். நான் பின்வாங்கவில்லை. அவர் பின்வாங்கினார்.

உள்ளே ஏழெட்டுப் பேர். ஒருவர் தோள்துண்டால் நாற்காலியை நாலு தடவை துடைத்து, "உக்காருங்க முதலாளியம்மா, எங்க நாற்காலியில அழுக்கு ஒட்டிக்கும்" என்றார். "நான் வெளிய நிக்கிற லாரியில ஏறி இறங்குனவ. துண்டைக் கெடுத்துக்காதீங்க" என்று உட்கார்ந்தேன்.

செயலாளரை எல்லாரும் முத்திரை என்பார்கள். மாதாமாதம் அட்டைகளில் முத்திரை குத்துபவர் அவர்தான். முன்பு லோடர். கண்ணாடி அறுத்ததில் இடது கையில் இரண்டு விரல் மடங்காது. வேலைநிறுத்தத்தில் என் கடை வாசலில் நாற்பது நாளும் நின்றவர்.

"அவளுக்கு அட்டையைத் திருப்பிக் கொடுங்க" என்றேன்.

"கொடுக்கலாமே. மேற்பார்வையாளர்ங்கிற பதவியை நீங்க எடுத்துடுங்க. ஆனா இன்னைக்குச் சேர்ந்தா இன்னைக்குத் தேதி. அப்பவும் பதினாலாவது ஆள்தான்."

"பழைய தேதி போட்டு."

அறை முழுக்கச் சிரித்தது. "பொய்த் தேதி போடறவங்களைத் தடுக்கத்தானேம்மா நீங்க அந்த ஷரத்தை வச்சீங்க?" என்றார் முத்திரை. அவர் சிரிக்கவில்லை.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு விதிப்புத்தகத்தை எடுத்தார். மட்டை கிழிந்து நூல் போட்டுக் கட்டியிருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். முதலாளியின் நெருக்கடியாலோ ஆசை காட்டியதாலோ அட்டையை விட்ட உறுப்பினருக்கு, அதை அந்த முதலாளியே எழுத்தில் ஒப்புக்கொண்டால், இடைவெளி கணக்கில் வராது. பொதுக்குழுவில் படித்து நிறைவேற்ற வேண்டும்.

"இப்படி யாராவது எழுதிக் கொடுத்திருக்காங்களா?"

"எந்த முதலாளியம்மா எழுதுவாங்க? விதி சும்மா கிடக்குது." புத்தகத்தை மூடினார். "நீங்களும் எழுதமாட்டீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 19, செவ்வாய்

வக்கீல் போனில்: "எழுதாதீங்கம்மா. அது வெளிய போனா நாளைக்கு தொழிலாளர் துறை நோட்டீஸ் வரும், சங்கம் சும்மா இருக்காது." இதற்கு மட்டும் கட்டணம் வேண்டாம் என்றார். நல்ல மனிதர். பேச்சைக் கேட்கப் போவதில்லை.

மார்ச் 20, புதன்

மதியம், வெட்டும் மேஜை ஓய்ந்த நேரத்தில் எழுத உட்கார்ந்தேன். முதல் காகிதத்தில் "அன்றைய சூழ்நிலை காரணமாக" என்று ஆரம்பித்திருந்தேன். கிழித்தேன். சூழ்நிலையா அவளைக் கூப்பிட்டது? இரண்டாவதில் "அவர் தாமாகவே முன்வந்து". சீ. அதையும் கிழித்தேன்.

நடந்ததை இங்கே முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

வேலைநிறுத்தத்தின் முப்பதாவது நாள். கடை பூட்டிக் கிடந்தது. கட்டடக்காரர் ஒருவர் நூற்றிருபது கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்து, வாரக் கடைசிக்குள் வரவில்லையென்றால் வேறு ஆளிடம் போகிறேன் என்றிருந்தார். வெட்ட நான் போதும். ஓரம் தேய்க்க அவள் வேண்டும். அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு அறை, ஒரு அடுப்பு, தறியில் நூல் மாதிரி குறுக்கும் நெடுக்கும் கட்டின கொடிக் கயிறு. மகள் தரையில் படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது நாளாகக் கூலி இல்லாத வீடு என்பது பார்த்தாலே தெரிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

"அட்டை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு உள்ள வா. உன்னை மேற்பார்வையாளர் ஆக்கறேன். கொட்டகைச் சாவி உங்கிட்ட இருக்கும். நான் இருக்கறவரைக்கும் உன்னை யாரும் அசைக்க முடியாது."

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எழுதியா தருவீங்க, வாயில சொல்றீங்களா?"

எழுதித் தந்தேன். பதவியை எழுதினேன். யாரும் அசைக்க முடியாது என்பதை எழுதவில்லை.

மறுநாள் அவள் வாசலில் நின்றவர்களைத் தாண்டி உள்ளே வந்தாள். முத்திரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வந்ததைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். பத்து நாளில் வேலைநிறுத்தம் படுத்துவிட்டது. அந்த நாலு பேரும் ஒப்பந்தத்துக்கு அப்புறம் மன்னிப்பு எழுதிக் கொடுத்து அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவளால் வாங்க முடியவில்லை, அவள்தான் மேற்பார்வையாளர் ஆச்சே! வேலைநிறுத்தம் முடிந்த கையோடு நான் போய் மேஜையைத் தட்டி, அட்டைத் தேதிதான் கணக்கு என்கிறேன். இரண்டுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள். இடது கையால் அவள் அட்டையைப் பிடுங்கிவிட்டு, வலது கையால் அட்டை இல்லாதவருக்கு இடமில்லை என்று எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நல்லது செய்தேன் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கெட்டிக்காரி என்று பெயர் வேறு.

மூன்றாவது காகிதத்தில் இதையே எழுதிவிட்டேன். வேலைநிறுத்தத்தை உடைக்கத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்து. அரைகுறையாக ஒப்புக்கொள்வதற்கு எதற்குக் காகிதம்?

மார்ச் 23, சனி

பொதுக்குழு. வரவேண்டிய அவசியமில்லை என்று முத்திரை சொல்லியிருந்தார். போனேன். என்னைப் பற்றிப் பேசும்போது நான் இல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

லாரி நிறுத்தும் இடத்தில், தரையில் இருநூறு பேர். மெஷினக்கா ஓரமாக நின்றாள். உறுப்பினர் இல்லையே, உட்காரக்கூடாதாம். முத்திரை கடிதத்தைப் படித்தார். என் வாக்கியங்கள் அவர் குரலில் வேறு மாதிரி இருந்தன, இன்னும் மோசமாக. "பார்த்துவிட்டுத்தான் பேசினேன்" என்ற இடத்தில் யாரோ "அடிப்பாவி" என்றார்கள். மெல்லத்தான் சொன்னார்கள், ஆனால் லோடர்கள் மெல்லச் சொல்வதே தெருமுனை வரை கேட்கும்.

ஒருவர் எழுந்து, "அவங்க மட்டும் தூக்கத்துல நடந்து வந்தாங்களா? நம்ம முதுகுல மிதிச்சுட்டுத்தானே உள்ள போனாங்க?" என்றார். நியாயமான கேள்வி. கூட்டம் அவளைப் பார்த்தது.

அவள் சொன்னாள்: "ஆமா, மிதிச்சுத்தான் போனேன். முப்பது நாள் நின்னேன், முப்பத்தோராவது நாள் நிக்க முடியல. அதுக்கு ஒன்பது வருஷம் நீங்க எங்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிக்கல. போதும்னு நினைக்கிறேன். போதாதுன்னா சொல்லுங்க, மெஷினைத் துடைச்சு வச்சுட்டுப் போறேன்."

கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தேன். என்னை அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அவளை எனக்குத் தெரியவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். எண்ண வேண்டிய தேவை வரவில்லை.

எழுந்து வரும்போது கேள்வி கேட்ட அதே ஆள் வழிவிட்டு, "எழுத்து நல்லா இருக்கு முதலாளியம்மா, அடிக்கடி எழுதுங்க" என்றார்.

மார்ச் 28, வியாழன்

வியாபாரிகள் சங்கம் என்னை ஆறு மாதம் நீக்கி வைத்திருக்கிறது. சங்கத்தின் நலனுக்கு விரோதமாக எழுத்தில் ஒப்புதல் வழங்கியதால். எல்லாரும் சேர்ந்து இறக்கும் சரக்கில் எனக்குப் பங்கு கிடையாது. வளாகத்தில் முதலாளிகளுக்குச் சங்கம் தரும் நுழைவுச் சீட்டும் கிடையாது. இடம் என் பெயரில் பதிவாகியிருப்பதால் அதைத் தொட முடியவில்லை. தொட்டிருப்பார்கள்.

தலைவர் போனில், "வருத்தமா இருக்கும்மா" என்றார்.

"எனக்கு இல்ல. இன்னும் இருபத்தொன்பது பேர் இருக்காங்க தலைவரே, அவங்க முதலாளிங்களும் எழுதக் கத்துக்கப் போறாங்க. பேனா வாங்கி வைங்க."

போனை வைத்துவிட்டுப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். துறைமுகத்தில் நேராகச் சரக்கு எடுக்கிற இரண்டு பேரின் எண் என்னிடம் இருக்கிறது. சங்கம் பிறப்பதற்கு முன்னாலேயே நான் கண்ணாடி விற்றேன்.

ஏப்ரல் 1, திங்கள்

திருத்திய பட்டியல். மெஷினக்கா மூன்றாவது ஆள்.

அவள் மேலே ஏறியதால், ஒன்பதாவதாக இருந்த பெட்டி பிரிப்பவர் பத்தாவதாகிவிட்டார். பதினொரு வருடம் முத்திரை தவறாத அட்டை. மதியம் என் முன்னால் வந்து நின்றார். "அம்மா, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

ஒன்றுமில்லை என்றேன். வேறு என்ன சொல்வது. இதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 5, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

முத்திரை வந்தார், கூடவே அவள். வழக்கமாக அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பேசுவாள். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கடைக்கு யூனியன் பிரதிநிதியாக அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம்.

"பத்தாவது ஆளையும் எடுக்கணும்" என்றாள்.

"என்னது?"

"என்னால ஒருத்தர் வெளிய போகக்கூடாது. பெட்டி பிரிக்கிறவருக்குச் சீட்டு வேணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்காக நான் என் மானத்தை எழுதிக் கொடுத்திருக்கேன். ஊர் முன்னாடி படிச்சுச் சிரிச்சாங்க. சங்கத்துல தூக்கி வெளிய போட்டாங்க. அது ஆறுறதுக்குள்ள எங்கிட்டயே வந்து கேக்கறியா நீ?"

"எனக்காக எழுதலியே. நீங்க செஞ்சதை எழுதினீங்க."

முத்திரை கூரையைப் பார்த்தார்.

"ஒன்பதுக்கு மேல ஒருத்தரும் கிடையாது. போ."

"சரி. திங்கக்கிழமை திரும்ப வரேன்" என்று எழுந்தாள். நாற்காலியை இருந்த இடத்தில் போட்டுவிட்டுத்தான் போனாள்.

நன்றி கெட்ட ஜென்மம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியும்விட்டேன், மாப்பிள்ளை எதிரில். அவருக்கு வாயெல்லாம் பல். "நான்தான் சொன்னேனே அத்தை!" அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கோபம் ஆள் மாறிவிட்டது.

ஏப்ரல் 6, சனி

நன்றியா கேட்டேன்? ஆமாம், கேட்டேன். எழுதும்போது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

சொன்னபடி வந்தாள். மணி பத்து. ஒன்பது ஆளுக்குக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்டாள். மாப்பிள்ளை தாளைக் காட்டினார். மின்சார டிராலி ஒன்று வாங்கினால் பெட்டி பிரிக்கும் ஆள் தேவையில்லையாம். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிராலி பெட்டியைத் தள்ளும். ஆணியைப் பிடுங்குமா?" என்றாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

முடிந்தது. நான்கு மணி நேரம்.

பத்துப் பேர். டிராலி இந்த வருடம் இல்லை. பதிலுக்கு நான் சும்மா விடவில்லை: நேராகத் துறைமுகத்திலிருந்து சரக்கு வரும் நாளில், விடுமுறை என்றாலும் ஆறு பேர் வந்து இறக்க வேண்டும். அதற்கு இரட்டைக் கூலி கேட்டாள், ஒன்றரை என்றேன், ஒன்றே முக்காலில் நின்றோம். மணிக்கட்டுக்குத் தோல் உறை வருடத்துக்கு இரண்டு கேட்டாள். ஒன்று என்றேன். முத்திரை மடங்காத விரலை மேஜைமேல் வைத்தார். இரண்டு.

மீதி நாலு பேருக்கு நஷ்டஈட்டை அட்டைத் தேதியிலிருந்து அல்லாமல் வேலைக்கு வந்த தேதியிலிருந்து கணக்கிட ஒப்புக்கொண்டேன். என் கடைக்கு மட்டும். கேட்டது அவள் இல்லை, நான்தான் எழுதச் சொன்னேன். அவளுக்கே ஆச்சரியம். "என்ன முதலாளியம்மா, கேக்காமயே?" என்றாள். "நீ கேட்டா இன்னும் கூடுதலாக் கேப்ப" என்றேன்.

அவள் பேரம் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் விலைக்கு முகத்தில் ஒன்றும் காட்டுவதில்லை. இரண்டாவது விலைக்குக் கொஞ்சம் மௌனம். இவளைப் பதினேழு வருடம் மெஷினில் நிறுத்திவைத்த நான் எவ்வளவு பெரிய மட்டி. விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும்.

மே 6, திங்கள்

புது வளாகம், முதல் நாள்.

வாயிலில் தடுப்புக் கம்பி, காவலாளி, பெரிய பதிவேடு. என் ஆட்கள் பத்துப் பேரும் சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். பெட்டி பிரிப்பவர் கடப்பாறையைத் தோளில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி. மாப்பிள்ளை மகளோடு மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

என்னைக் காவலாளி நிறுத்தினார். "சீட்டு?"

"கடையே என்னுதுப்பா."

"இருக்கலாம்மா. சங்கம் கொடுத்த லிஸ்ட்ல நீங்க இல்ல. பார்வையாளர் பதிவேட்டுல எழுதிட்டுப் போங்க. உள்ள இருக்கற யாராவது வந்து கையெழுத்துப் போடணும்."

அடுத்த வாயிலில் கம்பியைத் தூக்கித் தலைவரின் காரை உள்ளே விட்டார்கள். கண்ணாடி இறக்கிப் பார்த்தார். நான் கையாட்டினேன், நன்றாக, தோளிலிருந்து.

பதிவேட்டில் எழுதினேன். பெயர். நேரம். வந்த காரணம்: வேலை. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தில் சற்று நின்றேன். பிறகு மெஷினக்காவின் பெயரை, அவளுடைய உண்மையான முழுப் பெயரை எழுதினேன். பதவிக் காகிதம், ஒப்புதல் கடிதம், இது: இத்தனை வருடத்தில் அதை நான் எழுதியது மூன்றாவது தடவை.

காவலாளி ஆள் அனுப்பினார். அவள் வந்தாள். அதற்குள் மெஷினைப் போட்டுவிட்டிருக்கிறாள், கையெல்லாம் வெள்ளை. பதிவேட்டைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கட்டத்துக்கு வெளியே போகாமல் கையெழுத்துப் போட்டாள்.

"இவங்க யாருங்க உங்களுக்கு?" என்று காவலாளி கேட்டார். வழக்கமாகக் கேட்பதாம்.

"எங்க முதலாளி" என்றாள். "சீக்கிரம் விடுங்க. துறைமுகத்து லாரி வந்து நிக்குது."